படுத்தவுடன் உறக்கம் வருமா? ஆறு வாரப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

"மருந்து இல்லை, மாத்திரை இல்லை, படுத்த இரண்டே நிமிடத்தில் தூக்கம்" என்று அச்சடித்த துண்டறிக்கை ஒன்று சென்ற தை மாதத்தில் தக்கலைப் பேருந்து நிலையத்தில் என் கைக்கு வந்தது. நாகர்கோவிலில் இயங்கும் தனியார் உளவியல் ஆலோசனை மையம் ஒன்று அதை வெளியிட்டிருந்தது. அதை நம்பி 4,800 ரூபாய் கட்டி, சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் போய் வந்தேன். இரண்டு நிமிடத்தில் எனக்கு உறக்கம் வந்ததில்லை, இனி வரும் என்ற எண்ணமும் இல்லை. ஆனாலும் கட்டிய பணம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துண்டறிக்கை விற்கும் சரக்கு ஒன்று, வகுப்பில் கிடைக்கும் சரக்கு வேறொன்று. இரண்டாவதுதான் மேலானது என்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரை விட்டுவிட்டேன். இம்முறையைக் கற்பிக்கும் எந்த இடத்தில் சேர்வோருக்கும் இங்கே சொல்பவை பொருந்தும்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், குலசேகரத்துக்கு அருகில் எங்களுக்குள்ள 2 ஏக்கர் ரப்பர் விளையை நானே கவனித்து வருகிறேன். மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் மூப்பினால் நின்றுவிட்டார். வேறு ஆள் அமையாததால் அவரிடமே கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஒன்றுவிட்ட நாள் நானே மரத்தடிக்குப் போகத் தொடங்கினேன். விடியுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து, பால் வரத்தும் குறைந்துவிடும். ஆகவே வெட்டு நாளில் அதிகாலை 3.30 மணிக்கு எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கியாக வேண்டும். மூன்றரைக்கு எழுகிறவன் எட்டரைக்குப் படுப்பதுதானே முறை என்று எண்ணி, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு படுத்துவிடுவேன். படுத்ததுதான் மிச்சம். பதினோரு மணிவரை கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும், வெட்டில்லாத நாளில் அந்தக் கடனை அடைப்பதற்காகக் காலை ஏழு மணிவரை போர்த்திக்கொண்டு கிடப்பதுமாக ஈராண்டு ஓடியது. பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடித்துப் பார்த்தேன்; சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எடுத்தேன்; வர்மம் அறிந்த ஆசான் ஒருவரிடம் ஏழு நாள் தடவல் செய்துகொண்டேன். தடவிய ஏழு இரவும் நன்றாக உறங்கினேன் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். எட்டாம் இரவு மறுபடியும் கூரை ஓடுதான். கடைசியில் மருத்துவர் எழுதிய மாத்திரை வரை வந்துவிட்டேன்.

(எங்கள் பக்கத்தில் பேச்சு வழக்கில் உறக்கம் என்றுதான் சொல்வோம். கையேடு பக்கத்துக்குப் பக்கம் தூக்கம், தூக்கம் என்று சொல்லிச் செல்வதைப் படிக்கும்போது, இது வேறு யாருக்கோ வந்த நோய் போலும் என்று தோன்றியதும் உண்டு. இங்கே என் வழக்கப்படியே எழுதுகிறேன்.)

முதல் வகுப்பு மையத்தின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது. எடுத்த எடுப்பில் பயிற்சியில் இறங்காமல், உறக்கமின்மையின் கடுமையை அளக்கும் 7 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். உலகெங்கும் பயன்படுத்தப்படும் அளவுகோல் அது. மொத்த மதிப்பெண் 28. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக இதில் மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். எனக்கு 19 வந்தது. இடைத்தரக் கடுமை என்றார்கள். அதன்பின் குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், வலிப்பு, மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய், இரவில் வண்டி ஓட்டும் தொழில் ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விசாரித்தார்கள். எங்களுடன் பணம் கட்ட வந்திருந்த ஒருவரை, அவர் மனைவி சொன்ன குறட்டை விவரத்தைக் கேட்டுவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரில ராத்திரித் தூக்கப் பரிசோதனை செஞ்சிட்டு வாங்க சார், உங்களுக்கு இந்தப் பயிற்சி மருந்து இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஆலோசகர். கையில் வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் ஓரளவு நேர்மை இருக்கத்தான் செய்யும். துண்டறிக்கையில் "மாத்திரை இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தபோதிலும், நான் சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதித் தந்த மருத்துவரைக் கலந்துதான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பயிற்சியின் அடிப்படை அவர்கள் கண்டுபிடித்ததன்று. உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில், உறக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்துவதற்காகப் பல பத்தாண்டுகளாக வளர்ந்து வந்த முறை அது. நாள்பட்ட உறக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மருந்துக்கு முன்பாக இதையே முதற்சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அந்த முறைக்குள் பல பகுதிகள் உள்ளன. அவற்றுள் என்னை மாற்றியவை இரண்டு. ஒன்று படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. மற்றொன்று படுக்கையையும் விழிப்பையும் பிரித்து வைப்பது.

நேரக் குறைப்பைப் புரிந்துகொள்ள, உறக்கம் எப்படி வருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து உறக்கத்தை நடத்துகின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உறக்கத்துக்கான அழுத்தம் உடலில் ஏறிக்கொண்டே போவது முதல் ஏற்பாடு. ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்வதைப் போல என்று நான் மனத்தில் வைத்துக்கொண்டேன். அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்வது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. அது சென்று அமர வேண்டிய இடத்தைத் தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபின் பிடித்துக்கொள்வதால்தான் மாலையில் குடிக்கும் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) இரவைக் கெடுக்கிறது. இரண்டாவது ஏற்பாடு உடலுக்குள் ஓடும் நாள்கடிகாரம். இஸ்ரேலியரான பெரெட்ஸ் லாவி 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 7 நிமிடம் உறங்க விடுவது, 13 நிமிடம் விழித்திருக்கச் செய்வது என்று மாறி மாறி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் சோதித்து, வழக்கமான உறக்க நேரத்துக்குச் சற்று முந்திய மாலை மணிகளில்தான் உறக்கம் எல்லா நேரத்தையும்விட அரிதாக வருகிறது என்று காட்டினார். அந்த மணிகளை உறக்கத்துக்குத் தடை செய்யப்பட்ட வேளை என்றே அழைத்தார். இதைக் கேட்டபோதுதான் என் ஈராண்டுத் தவறு எனக்குத் தெளிவாயிற்று. ஒருநாள் மூன்றரைக்கும் மறுநாள் ஏழுக்கும் எழுந்து கடிகாரத்தைக் குழப்பிவிட்டு, சிரட்டை பாதிகூட நிறையாத எட்டரை மணிக்கு, வாசல் அடைத்திருக்கும் வேளை பார்த்துப் போய்த் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்ட நேரக் குறைப்பு முறை இதைத் திருத்தும் வழி. ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். வெட்டுநாள் வழக்கப்படி எட்டரைக்குப் படுத்த இரவுகளில் 7 மணி நேரம் படுக்கையில் கிடந்து 4 மணி 30 நிமிடம் உறங்குகிறேன் என்று கணக்கில் வந்தது. அதாவது கிடந்த நேரத்தில் உறங்கிய பங்கு 64 விழுக்காடு. அது 85-ஐ எட்ட வேண்டும். ஆகவே படுக்கைக்கு 5 மணி நேரம் மட்டுமே அனுமதி, அதற்குக் கீழே எவருக்கும் குறைப்பதில்லை என்றார் ஆலோசகர். எழும் நேரம் வெட்டு உண்டோ இல்லையோ 3.30, ஆகவே படுக்கும் நேரம் இரவு 10.30. வாரச் சராசரி 85 விழுக்காட்டைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டு வரலாம். உறக்கம் வரவில்லை என்று வந்தவனிடம், இன்னும் குறைத்து உறங்கு என்று சொல்வது கொடுமையாகத்தான் பட்டது. முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே தலை சரியும். வீட்டுக்காரி தோளைத் தட்டுவாள். பகலில் எரிச்சலும் மந்தமும் இருந்தன. ஆனால் வாரக் கடைசியில் கணக்கிட்டபோது, 5 மணி நேரத்தில் 4 மணி 20 நிமிடம் உறங்கியிருந்தேன். மொத்த உறக்கம் முன்னைவிடச் சிறிது குறைவு. ஆனால் பங்கு 87 விழுக்காடு. பத்தரைக்குத் தலை சாய்த்தவன் கூரையைப் பார்க்க நேரமில்லாமல் போயிருந்தது.

இந்த இடத்தில் ரப்பர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முதல் இரண்டு வாரங்களில் அரைக்கண்ணோடு வெட்டுக்கத்தியைக் கையில் எடுப்பதும், இருசக்கர வண்டியில் மார்த்தாண்டம் சாலையில் போவதும் ஆபத்து. மரங்கள் இலையுதிர்த்து வெட்டு நிறுத்தியிருந்த மாசி, பங்குனியில் நான் சேர்ந்தது தற்செயலாக அமைந்த நல்வினை. வகுப்புக்கும் பேருந்திலேயே போனேன்.

இரண்டாவது பகுதி அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் எழுதியது. உறக்கம் வந்தால் மட்டும் படு. கால் மணி நேரம் ஆகியும் வரவில்லையென்று தோன்றினால் எழுந்து வேறிடம் போ. உறக்கம் வந்தபின் திரும்பி வா. எத்தனை முறை ஆனாலும் இப்படியே செய். படுக்கையில் கிடந்து வேறெதையும் செய்யாதே. காலையில் ஒரே நேரத்தில் எழு. இவ்வளவுதான் விதி. படுக்கையைக் கண்டதும் விழிப்பு வருவது பழக்கத்தினால் வந்த வினை என்பதும், அந்தப் பழக்கத்தைப் படுக்கையில் கிடந்தபடியே மாற்ற முடியாது என்பதும் இதன் அடிப்படை. கேட்பதற்கு எளிது. ஆனால் கையேடு "உங்கள் படுக்கையறையை உறக்கத்துக்காக மட்டும் ஒதுக்கி வையுங்கள், எழுந்து வரவேற்பறைக்குச் சென்று மெல்லிய விளக்கொளியில் அமருங்கள்" என்று சொல்லும்போது, எழுதியவர் எந்த ஊர் வீட்டை மனத்தில் வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அறை இரண்டு. கட்டிலில்தான் பேத்தி வீட்டுப்பாடம் எழுதுகிறாள், துணி மடிக்கிறோம், வந்தவர்களை உட்கார வைக்கிறோம். வகுப்பில் இருந்த எட்டுப் பேரில் இருவருக்குத்தான் தனிப் படுக்கையறை இருந்தது. இதை எழுப்பியபோது ஆலோசகரிடம் ஆயத்தமான விடை இல்லை. "முடிஞ்ச அளவு செய்யுங்க சார்" என்றார்.

விடை வீட்டிலேயே பரணில் இருந்தது. கட்டிலை விட்டுவிட்டுக் கோரைப்பாய் ஒன்றை எடுத்தேன். இரவு 10.30 மணிக்கு விரிப்பேன்; எழுந்ததும் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைப்பேன்; இடையில் உறக்கம் வராமல் எழ நேர்ந்தாலும் பாதியாக மடித்துவிட்டுத்தான் வெளியே போவேன். பாய் விரிந்திருந்தால் உறக்கம், சுருண்டிருந்தால் விழிப்பு. அறை ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் பாய்க்குக் கவலையில்லை. விதி கேட்பதும் இதைத்தான். பகலில் பாயை விரித்து வைக்காதே என்று அம்மா அதட்டிய அதட்டலை மூதேவியோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். காரணம் எதுவானாலும் அந்தப் பழக்கம் பூட்சினின் விதிக்குள் அப்படியே பொருந்துகிறது. மூன்றாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, ஆலோசகர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்பில் கையேட்டில் ஏறினால் மகிழ்வேன்.

எழுந்து போய் என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். சுவையான வேலை கூடாது. கைப்பேசியும் தொலைக்காட்சியும் கூடாது. கணக்கு வழக்கும் கூடாது. புளிக்காலம் ஆதலால் முற்றத்தில் தோடு நீக்கிய புளி குவிந்து கிடந்தது. திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கத் தொடங்கினேன். அதைவிட உறக்கத்துக்கு நெருக்கமான வேலை உலகில் இருக்குமென்று தோன்றவில்லை. முதல் வாரம் பல இரவுகளில் எழ நேர்ந்தது; நான்காம் வாரத்தில் அது வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. "இப்பிடி ஒறங்கத் தொடங்கினியன்னா மிச்சம் புளிய யாரு எடுப்பா?" என்பது வீட்டுக்காரியின் மதிப்பீடு.

மூன்றாம் வாரம் சிவராத்திரி வந்தது. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை ஆகியவை எங்கள் சுற்றுவட்டத்தில்தான் இருக்கின்றன. காவி உடுத்து, கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று குரல் கொடுத்தபடி இரவெல்லாம் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க, சாலையோரத்தில் சுக்குநீர் கொடுக்கும் வேலையில் ஆண்டுதோறும் எனக்குப் பங்கு உண்டு. பயிற்சியை நினைத்து வீட்டில் கிடப்பதா என்று ஆலோசகரைக் கேட்டேன். போய் விழித்திருங்கள், ஆனால் மறுநாள் பகலில் உறங்காமல், இரவு அட்டவணைப்படி 10 மணிக்கே படுங்கள் என்றார். அப்படியே செய்தேன். மறுநாள் இரவு பாயில் சாய்ந்தது மட்டுமே நினைவில் இருக்கிறது. நிறைந்த சிரட்டைக்கு யாரும் பால் வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை என்பதை ஆறு வார வகுப்பைவிட அந்த ஓர் இரவு நன்றாக உணர்த்தியது. அந்த வாரச் சராசரி கெட்டுப்போனதால் படுக்கும் நேரம் முன்னே நகராமல் அங்கேயே நின்றது, அது வேறு.

துண்டறிக்கையின் வாக்குறுதிக்கு மிக அருகில் வந்தது ஐந்தாம் வாரத்து முழுநாள் அமர்வு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோன் லாக்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய தீவிர உறக்கப் பயிற்சியின் சிறு வடிவம் இது. மூல முறையில், முதல் நாள் இரவு உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு வருபவரை, ஏறத்தாழ 25 மணி நேரம் ஆய்வகத்தில் வைத்து, அரைமணிக்கு ஒரு முறை உறங்க வாய்ப்பளித்து, உறங்கிய மூன்று நிமிடத்துக்குள் எழுப்பிவிடுவார்கள். படுத்தால் உறக்கம் வரும் என்பதை உடல் ஒரே நாளில் பலமுறை கற்றுக்கொள்ளும். பல வாரத்தில் நடக்க வேண்டிய பழக்கத்தை ஒரு நாளுக்குள் நெருக்கி வைக்கும் முயற்சி என்று சொல்லலாம். 79 பேரை நான்கு பிரிவாக வைத்துச் செய்த அவர்களுடைய சோதனையின் முடிவு 2012-இல் வெளியாயிற்று.

ஆய்வகத்தில் தலையில் மின்கம்பிகளை ஒட்டி உறக்கத்தை அறிவார்கள். நாகர்கோவிலில் அதற்குப் பதிலாக ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். சாய்வு நாற்காலியில் படுத்து, கையை வெளியே தொங்கவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே எவர்சில்வர் தட்டு. உறக்கம் தொடங்கும்போது தசை தளர்ந்து கரண்டி விழும். ஓசையில் விழிப்பு வரும். பழைய உபாயம்தான், கருத்தும் சரியானதுதான். ஆனால் ஒரே அறையில் நான்கு பேரைப் படுக்க வைத்தால் ஒருவர் கரண்டி விழும்போது மற்ற மூவருக்கும் விழிப்பு வந்துவிடும் என்பதை அமர்வுக்கு முன்பே யாரேனும் யோசித்திருக்க வேண்டாமா? நண்பகல் வரை, ஒருவர் உறங்கியதற்கு நான்கு பேர் தண்டனை பெற்றோம். உணவுக்குப்பின் தட்டுகளை எடுத்துவிட்டு, கைப்பேசியை மெல்ல அதிர வைத்து, அதற்கு விரலை அசைக்காவிட்டால் உறங்கியதாகக் கொள்ளும் செயலி ஒன்றைத் தந்தார்கள். அதன்பின்தான் பயிற்சி பயிற்சியாயிற்று.

அன்று 16 வாய்ப்புகளில் 7 முறை உறங்கினேன். எண்ணிக்கை முக்கியமன்று. ஒவ்வொரு முறையும் எழுப்பியபின், "உறங்கினீர்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்த ஏழில் மூன்று முறை, இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நாளைய வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்; அதிர்வுக்கு அசையாமல் கிடந்த பதிவைக் காட்டியபோது வாயடைத்துப்போனேன். உறக்கமின்மை உள்ளவர்கள் தாம் உறங்கிய நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தியாம். இரவெல்லாம் கண் இமைக்கவில்லை என்று காலையில் நான் அடித்துச் சொன்ன எத்தனை இரவுகளில் உண்மையில் உறங்கிக்கொண்டிருந்தேனோ! அந்த ஐயம் மனத்தில் விழுந்தபின், படுக்கையில் கிடக்கும்போது எழும் பதற்றம் பாதியாகக் குறைந்தது. முழுக் கட்டணத்தில் பாதி இந்த ஒரு நாளுக்குத் தகும்.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கவலைகளை மாலையிலேயே தாளில் எழுதி வைப்பது ஆகியவற்றுக்கு ஒரு வகுப்பு போயிற்று. சிலருக்குப் பிடித்திருந்தது. ஒலிப்பதிவில் பேசும் குரல் செய்தி வாசிப்பதுபோல் இருந்ததால், எனக்கு அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்ற ஆவலே மேலோங்கியது.

நான் எதிர்பாராத பாடம் எழும் பயிற்சி. வகுப்பில் பாயில் படுக்க வைத்து, ஒரு நிமிடத்தில் அலாரம் அடிக்கச் செய்து, அடித்ததும் யோசனைக்கு இடம் தராமல் கால் இரண்டையும் தரையில் ஊன்றி நிற்கச் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் வரிசையாகப் படுப்பதும் எழுவதுமாகப் பத்து முறை செய்ததைப் பார்த்தவர்கள் பள்ளிக்கூட டிரில் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆறு வாரத்திலும் நான் கற்றவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், எல்லாமே எழுவதைப் பற்றியவைதாம் என்பது புலப்படுகிறது. அலாரத்துக்கு எழுவது, உறக்கம் வராவிட்டால் எழுவது, வெட்டில்லாத நாளிலும் அதே நேரத்துக்கு எழுவது. உறங்கு என்று உடலுக்கு ஆணையிடும் வித்தை எதுவும் அங்கே கற்பிக்கப்படவில்லை. எழுவது நம் கையில் உள்ள செயல், உறங்குவது அப்படியன்று. கையில் உள்ளதை ஒழுங்குபடுத்தினால் மற்றது தன் நேரத்துக்கு வந்து சேர்கிறது. இதைத் துண்டறிக்கையில் அச்சடித்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது.

"இரண்டு நிமிடம்" என்ற ஆசையே சரியானதன்று என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டேன். நலமாக உறங்குபவர்களுக்கும் படுத்தபின் 10 முதல் 20 நிமிடம் ஆவது இயல்பு. உறக்க ஆய்வகங்களில் பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்க வைத்துச் செய்யும் சோதனையில், சராசரியாக 8 நிமிடத்துக்குள் உறங்கிவிடுபவரை மிகை உறக்க மயக்கம் உள்ளவர் என்றுதான் கருதுகிறார்கள். தலை வைத்ததும் உறங்கிவிடுகிறேன் என்று பெருமை பேசும் என் மைத்துனர் தொலைதூர லாரி ஓட்டுபவர். அது வரமா கடனா என்று இப்போது யோசிக்கிறேன். அவரிடம் சொன்னேன், "அத்தான், உங்களுக்கு வராததுனால அப்பிடிச் சொல்லுதிய" என்று சிரித்துவிட்டார்.

குறைகளில் சில வந்துவிட்டன. மீதியையும் சொல்லிவிடுகிறேன். கையேடு ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்க்கப்பட்டது. நல்ல உறக்கத்துக்கான பழக்கங்கள் என்ற பொருளில் வந்த "தூக்கச் சுகாதாரத்தைக் கடைப்பிடியுங்கள்" என்ற வரியைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் போர்வையைத் துவைப்பதைப் பற்றியா என்று கேட்டார், அவர் கேட்டதில் தவறில்லை. உறவினர் இறப்பினால் ஒரு வகுப்பைத் தவறவிட்டவருக்கு மாற்று வகுப்பு தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்றைய தூக்க நாட்குறிப்பை நிரப்பிவிட்டீர்களா?" என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்தி தினமும் இரவு 10.45 மணிக்கு மணியோசையோடு வந்தது. முதல் வாரத்தில், உறக்கம் வந்துகொண்டிருந்த அந்த நொடியில் என்னை எழுப்பியது வேறு யாருமல்லர், உறக்கம் கற்றுத்தரும் அந்த மையம்தான். இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை. தானாகப் போகும் செய்தி என்றார்கள். கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுப்பது அப்படித்தான் எனக்குப் பழக்கமாயிற்று.

இப்போதைய நிலை இது. வகுப்பு முடிந்தபோது 9.45-க்கும், அதன்பின் மூன்று வாரத்தில் 9.30-க்கும் படுக்கும் நேரம் வந்து சேர்ந்தது. 6 மணி நேரத்தில் சராசரி 5 மணி 25 நிமிடம் உறங்குகிறேன். பங்கு 90 விழுக்காடு. கேள்வித்தாளில் 19 இருந்த மதிப்பெண் 8 ஆயிற்று. மாத்திரையை மருத்துவர் சொன்னபடி நாள்விட்டு நாள் குறைத்து நிறுத்தியாயிற்று. பயிற்சிக் காலத்தில் முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்த பகலுறக்கத்தை இப்போது 20 நிமிடம் அனுமதித்திருக்கிறார்கள். பால் எடுத்து, உறையூற்றி, ஷீட் அடித்து முடித்து, ஒரு மணிக்குச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தால் சில நாள் உறங்குகிறேன், சில நாள் கண்ணை மூடியிருக்கிறேன். அலாரம் அடித்ததும் இரண்டு நாளும் எழுந்துவிடுகிறேன்.

நாள்பட்ட உறக்கமின்மையும், ஆறு வாரம் நாட்குறிப்பு எழுதும் பொறுமையும், தொடக்கத்தில் இரு வாரம் மந்தமாகத் திரிய இடம் தரும் வேலையும் உள்ளவர்கள் போகலாம். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு மருத்துவம் பார்ப்பவர்கள், குறட்டையோடு மூச்சு அடைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். சக்கரத்தின் முன் இரவைக் கழிப்பவர்களுக்கு நேரக் குறைப்பு உதவாது. ரப்பர் வெட்டுபவர்கள் இலையுதிர் காலத்து அணியில் சேர்வது நல்லது. சேரும்போது விண்ணப்பத்தில் கைப்பேசி எண் கேட்டிருக்கும் இடத்துக்கு அருகிலேயே, இரவு எட்டு மணிக்குமேல் செய்தி அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.